மவுத்கார்டு பையில இருந்துச்சு டாக்டர்

முன்பல் உடைந்தோ உதடு கிழிந்தோ விளையாட்டுத் திடலிலிருந்து நேரே வரும் பிள்ளைகளிடம் முதலில் மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாயா என்றுதான் கேட்பேன். தலையில் அடி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பல். அப்புறம், பற்களைக் காக்க வாயில் மாட்டும் உறையான மவுத்கார்டைப் போட்டிருந்தாயா என்று கேட்பேன். அதற்கு, குழந்தைகள் பல் மருத்துவராக எனக்குப் பழகிப்போன பதில் ஒன்று உண்டு: "மவுத்கார்டு பையில இருந்துச்சு டாக்டர். இன்னைக்கு பிராக்டிஸ்தானே!"

மேட்ச் என்றால் பயிற்சியாளர் ஒருமுறை வாயைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். பிராக்டிஸில் அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் பிள்ளைகள் ஓடி விழுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். இதற்காக அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. பையிலிருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னால், ஏன் போடவில்லை என்பது அநேகமாகப் புரிந்துவிடும்.

வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் கொடுக்கும் வகைதான் பலரிடமும் இருக்கிறது. பிள்ளைகள் ஆர்வத்தில் அழுத்திக் கடித்துவிடுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடித்த இடம் காகிதமாக மெலிந்திருக்கும். பின்பக்கம் நீண்டுபோய்க் குமட்டும். வாயைத் திறந்தால் நழுவும். நழுவாமலிருக்க எந்நேரமும் கடித்துக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியாது, மூச்சும் வாங்கும். நானாக இருந்தாலும் கழற்றிப் பையில்தான் போடுவேன்.

அளவெடுத்துச் செய்வது வேறு கதை. மேல்வரிசைக்கு அச்செடுத்து பிளாஸ்டர் மாடல் வார்த்து, 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஈ.வி.ஏ. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அதன்மேல் படியவைப்பார்கள். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சதைக்கு விளிம்பில் சிறு வெட்டு விடாவிட்டால், போட்ட அரை மணியில் புண்ணாகிவிடும். மாட்டியதும் பிள்ளையை வாயைப் பிளக்கச் சொல்வேன், நாலு வாக்கியம் பேசச் சொல்வேன். கீழே விழாமல், பேச்சும் ஓரளவு புரிந்தால் சரி, பிராக்டிஸுக்கும் போட்டுக்கொள்வான்.

பெற்றோரின் மனத்தாங்கல் செலவு பற்றியது; நியாயமானதுதான். 6 வயதிலிருந்து 12 வரை பால்பல் விழுவதும் புதுப்பல் முளைப்பதுமாக இருக்கும் வாயில், இன்று பொருந்துவது சில மாதங்களில் இறுக்கும். முளைக்கவிருக்கும் பல்லுக்கு மாடலிலேயே இடம் விட்டுச் செய்தால் கொஞ்சம் கூடுதல் காலம் வரும். அந்தச் செலவு முடியாதவர்களிடம், வெந்நீர் வகையையே எங்கள் முன்னால் வைத்துக் கடிக்கச் சொல்கிறேன். மென்மையாகக் கடிக்க ஆள் இருந்து சொன்னாலே பாதி வேலை முடிந்தது. முன்பல் துருத்தி, மேலுதடு மூடாமலிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். முதல் அடி அந்தப் பல்லுக்குத்தான். ஆனால் மவுத்கார்டு தலையடியைத் தடுக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுக்காத பாடம். டிஷ்யூவில் சுற்றிக் காயவைத்துக் கொண்டுவருவார்கள், வேரில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவியும் இருப்பார்கள். அந்த வேரின் மேலிருக்கும் செல்கள் உயிரோடிருந்தால்தான் பல் திரும்பப் பிடிக்கும். வெளியே உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, பாலிலோ சலைனிலோ லேசாக அலசி, அதே குழியில் உடனே வைத்துவிட வேண்டும். பயமாயிருந்தால் பாலில் போட்டுக் கொண்டுவரலாம். பால்பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது. அடியிலிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு ஆபத்து.

சமீபத்தில் ஒரு பயிற்சியாளர் திடலிலேயே பல்லைக் குழியில் வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிவந்தார். மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டிவைத்தோம். வேர் முழுதாக வளர்ந்துவிட்ட வயது என்பதால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் (ரூட் கெனால்) தொடங்கியாயிற்று. பையனின் கவலையெல்லாம் எப்போது விளையாடலாம் என்பதுதான். கம்பி எடுத்து, பல் ஆடவில்லை என்று பார்த்துவிட்டு மவுத்கார்டுக்கு அச்செடுக்கலாம் என்றேன். "கறுப்புல கிடைக்குமா?" என்றான். கிடைக்கும்.