வீங்காத பக்கத்தையும் பார்க்க வேண்டும்

மும்பையில் தாராவியை ஒட்டிய ஒரு ஸ்கேன் மையத்தில் சோனாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். வயிற்று வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும்தான் எங்கள் அன்றாட வேலை. அவர்களுக்கு நடுவே, ஒரு பக்கக் கன்னம் உப்பிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். மருத்துவர் கொடுத்த சீட்டில் ‘மம்ப்ஸ்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

90 அடி சாலைப் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கேள்விக்குறிகூட இருப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி என்று பாட்டி முடிவுகட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலியும் கன்னத்தில் மஞ்சள் வேப்பிலைப் பற்றுமாகத்தான் பேரனை அனுப்பியிருப்பார். சங்கிலிமேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, பின்பக்கம் தள்ளிவிட்டால் போதும். பற்றைத் துடைக்காமல் ஜெல் தடவ முடியாது என்பதால் உதவியாளர்தான் முணுமுணுப்பார்.

துடைக்கும் நேரத்தில் நான் கேட்பது ஒரே கேள்வி: “இதற்கு முன்பு இப்படி வீங்கியிருக்கிறதா?” பல தாய்மார்கள் சற்று யோசித்து, “போன கணபதி சமயத்தில் வந்தது டாக்டரம்மா, ஆனால் அது அந்தப் பக்கம்” என்பார்கள். உடனே பாட்டி, “தீபாவளிக்கும் வந்ததே, மறந்துவிட்டாயா?” என்று திருத்துவார். பொன்னுக்கு வீங்கி வைரஸ் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் எதிர்ப்புசக்தி தந்துவிட்டுப் போகிறது. பண்டிகைதோறும் அது வருவதில்லை. ஸ்கேனைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்துக்குப் பொன்னுக்கு வீங்கிக்கு அடுத்தபடியான பொதுவான காரணம், காதோரச் சுரப்பியில் திரும்பத் திரும்ப வரும் அழற்சி. பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள் தொடங்கும். ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகம். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை வீங்கும், மெல்லும்போது வலிக்கும், காய்ச்சலும் இருக்கலாம். பிறகு தானாக வற்றிவிடும். சில மாதம் கழித்து மறுபடி வரும். பருவ வயதை ஒட்டிப் பெரும்பாலானோருக்கு நின்றும்விடும். ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது: உமிழ்நீர்க் குழாயின் அமைப்பு, வாயிலிருந்து மேலேறும் கிருமிகள், எதிர்ப்புசக்திக் குறைவு எனப் பலவற்றைச் சொல்கிறார்கள்.

நல்ல சுரப்பி திரையில் சீரான வெளிர்நிறத்தில் தெரியும். இந்தக் குழந்தைகளுக்கு அதில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். ஆப்பத்தின் நடுவில் விழும் துளைகள் மாதிரி என்று சொன்னால் பாட்டிகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு நான் செய்வதுதான் அப்பாக்களுக்குச் சந்தேகம் தரும்: வீங்காத கன்னத்திலும் கருவியை வைப்பேன். “அந்தப் பக்கம் ஒன்றுமில்லையே மேடம்?” என்ற குரலில் இரண்டு பக்கத்துக்கும் பணம் கேட்பாளோ என்ற கவலை தெரியும். பணம் ஒன்றுதான். வலியே இல்லாத அந்தப் பக்கத்திலும் பல சமயம் அதே புள்ளிகள் இருக்கும். எனக்கு நிச்சயம் தருவது வீங்கிய பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான்.

சீட்டில் கேள்விக்குறி போடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் ஊசி, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது, ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எனவே இந்தப் பகுதியில் முதன்முறை வீங்கும் கன்னம் உண்மையிலேயே பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். ரத்தத்தில் அமைலேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது, இரண்டு நோயிலும் அது கூடும்.

எனக்குக் கோபம் வருவது மூன்றாவது, நான்காவது முறையும் அதே பெயரை எழுதி அனுப்பும்போதுதான். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டும், சரி. திரும்பத் திரும்ப வரும் இந்த அழற்சி தொற்றுவதில்லை. காய்ச்சலும் வலியும் விட்டால் பள்ளிக்குப் போகலாம். ஆனால் பெயர் மாறாதவரை பள்ளி வாசலில் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்கள். தினக்கூலிக்குப் போகும் தாய் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். கூடவே ஒவ்வொரு முறையும் ஒரு புட்டி ஆன்டிபயாடிக். கடும் காய்ச்சலோ, மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கும் குழாய்வாயில் சீழோ இருந்தால் அதற்குத் தேவை உண்டு. எல்லா வீக்கத்துக்கும் தேவையில்லை.

மருந்து சொல்வது என் வேலையல்ல. ஆனாலும் இந்தியில் கேட்டு வந்ததைத் தமிழில் மறுபடி கேட்க ஆள் கிடைத்தால் விடுவார்களா? நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், காதோரத்திலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல நீவிவிடுவது என்று அவர்களுடைய மருத்துவர் சொன்னதையே விளக்குவேன். ஒத்தடத்தில் பாட்டிகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. எலுமிச்சையில்தான் சண்டை. புளிப்பு ஆகாது என்பது அவர்கள் கட்சி. வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது புளிப்பு வலியைக் கூட்டும் என்பது உண்மை. வலி தணிந்தபின் அதே புளிப்பு உமிழ்நீரை ஊறவைத்துக் குழாயைக் கழுவிவிடும் என்றால், ஒத்துக்கொள்ளாமலே தலையாட்டுவார்கள்.

அடிக்கடி வந்தால் பெரிய மருத்துவமனைகளில் நூல்போன்ற எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் செலுத்திக் கழுவி, ஸ்டீராய்டு மருந்தும் செலுத்துகிறார்கள். அதன்பின் பலருக்கு வீக்கம் வருவது குறைகிறது. கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புசக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான சோதனையும், வேறு தொற்றுகளும் சேர்ந்து வருபவர்களுக்கு எதிர்ப்புசக்திச் சோதனையும், எச்.ஐ.வி. சோதனையும் தேவைப்படலாம். கடைசியாகச் சொன்னதைத் தாயின் முன்னால் எடுப்பது எளிதல்ல. அதை அறிக்கையில் எழுதாமல் மருத்துவரிடம் போனில் சொல்லிவிடுகிறேன்.

தாய்மார்களிடம் நான் கேட்பது, வீங்கும்போதெல்லாம் இரண்டு கன்னமும் தெரியும்படி நேராக நிறுத்தி செல்போனில் ஒரு படம். தேதியை அதுவே வைத்துக்கொள்ளும். கணபதியா தீபாவளியா என்ற சண்டையும் மிச்சம்.