அம்மாவுக்கு சுகர் இறங்கிய அன்று சர்க்கரை கை கொடுக்கவில்லை

போன மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு வியர்த்துக் கொட்டிய அந்த முக்கால் மணி நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ராத்திரி அவங்க புரண்டு படுத்தாலும் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரை அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. சுகர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்சுலின் இல்லை, மாத்திரைதான். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம், சாப்பிட்ட பிறகு ரத்தம், இந்த முறை புதிதாக கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்று காலை ஏழரைக்குப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே முதல் தப்பு நடந்துவிட்டது. சாப்பாட்டைத்தான் நிறுத்தினோம், மாத்திரையை நிறுத்தவில்லை. "ஒரு நாள் கூட மாத்திரை தவறக் கூடாது கண்ணு" என்று சொல்லியே அம்மா வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் சுகர் மாத்திரையை எப்போது போடுவது என்பதை முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லேபில் எட்டரைக்கே டோக்கன் வாங்கிவிட்டோம். எங்கள் முறை வந்தபோது கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல டாக்டர் சீல் இல்லைங்க, வாங்கிட்டு வாங்க" என்றார். காசு நாங்கள்தான் கட்டப் போகிறோம், எதற்கு சீல் என்று கேட்டேன். பதில் இல்லை. வயசானவங்க, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, ரத்தத்தை மட்டும் எடுத்துடுங்க, நான் போய் சீல் வாங்கிட்டு வர்றேன் என்று கெஞ்சினேன். "அடுத்த டோக்கன்" என்று கூப்பிட்டுவிட்டார். அம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். அது திறக்கவே ஒன்பதே முக்கால் ஆனது. திரும்பி வந்தால் பழைய டோக்கன் செல்லாது, புது டோக்கன் போடுங்கள் என்றார்கள். எனக்கு முன்னால் இருபது பேர்.

அப்போதுதான் அம்மா கோபமாக எழுந்தார்கள். "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போலாம் வா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்கள். காத்திருந்த எரிச்சல் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோபமே சுகர் இறங்கியதன் அறிகுறி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பொதுவாக அம்மா வெளியிடத்தில் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. உங்கள் வீட்டிலும் சாதுவான ஆள் காரணமில்லாமல் சிடுசிடுத்தால், உம்மென்று ஆகிவிட்டால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், சண்டைக்குப் போகாமல் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது நடை தள்ளாடியது. ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. காவேரிப்பட்டணம் பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடமே கேட்டார்கள், முப்பது வருஷமாக அங்கிருந்துதான் ஏறுகிறார்கள். நல்லவேளை, சுகர் பார்க்கிற மிஷின் பையில் இருந்தது. 54.

இனிப்பு கொடுக்கணும் என்பது எனக்குத் தெரியும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும், ஏறாவிட்டால் மறுபடி 15 கிராம். தெரிந்தும் கையில் எதுவும் இல்லை. டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட். பெயரில் குளுக்கோஸ் இருக்கிறதே தவிர, அது பெரும்பாலும் கோதுமை மாவுதான், இந்த அவசரத்துக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "சுகர் பேஷன்ட்டுக்குப் போயி இவ்ளோ சர்க்கரை கொடுக்கறியேம்மா, வெந்தயத் தண்ணி கொடு" என்று என்னைத் தடுத்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் மயக்கம் வந்தாலே சுகர் ஏறிவிட்டது என்று நினைக்கிற இந்தப் பழக்கம் ஆளையே கொன்றுவிடும். வெந்தயமும் பாகற்காயும் சுகரைக் குறைக்கவென்று கொடுப்பது. ஏற்கெனவே இறங்கிப் போனவருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தேன். 52.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டு மெடிக்கலுக்கு ஓடினேன். "சுகர் இறங்கிடுச்சு, குளுக்கோஸ் கொடுங்க" என்றேன். கடைப் பையன் ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். நானும் வாங்கி வந்து கலக்கி ஒரு டம்ளர் கொடுத்தேன், கூடவே டீக்கடையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டு வாயில் போட்டேன். இப்போது கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. அந்த 21 கிராம் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும். ஒரு டம்ளரில் மூன்று கிராம் கூட வராது. ஓஆர்எஸ் பேதிக்கு நல்ல மருந்து, இதற்கு அல்ல. மெடிக்கலில் கேட்கும்போது "குளுக்கோஸ் பவுடர், எந்த ஃபிளேவரும் இல்லாதது" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். ஆரஞ்சு வாசனை போட்டு வருகிற சிலவற்றில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும்.

மறுபடி பார்த்தேன். 51. அம்மாவின் கண் சொருக ஆரம்பித்தது.

டியூட்டி முடிந்து ஊருக்குப் போகக் காத்திருந்த ஒரு நர்ஸ் அக்கா எங்கள் கூட்டத்தைப் பார்த்து வந்தார். முதலில் அவர் கேட்டது, "என்ன மாத்திரை போடறாங்க? அட்டை இருக்கா?" பையில் இருந்த அட்டையைக் கொடுத்தேன். வெள்ளி அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மூன்று பெயர். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். அவர் மூன்றாவது பெயரில் விரலை வைத்து, "இது இருக்கறப்ப சர்க்கரை கொடுத்தா சீக்கிரம் ஏறாது பாப்பா, குளுக்கோஸே கொடுக்கணும்" என்றார். தானே மெடிக்கலுக்குப் போய் சாதா குளுக்கோஸ் பவுடர் வாங்கி வந்து, அம்மா விழுங்குகிறார்களா என்று முதலில் ஒரு சொட்டு கொடுத்துப் பார்த்துவிட்டு, குமித்து மூன்று ஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். முழு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடணும் என்பதையும் அப்போதே சொன்னார்.

பதினைந்து நிமிஷம் கழித்து நான் குத்திப் பார்த்தால் 214! சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அக்கா அம்மாவின் விரலைப் பிடித்துப் பார்த்தார். டம்ளரைப் பிடித்த விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினார். 73. விரலில் ஒட்டிய குளுக்கோஸ் ரத்தத்தோடு சேர்ந்து பொய் கணக்குக் காட்டியிருக்கிறது. அந்த 214-ஐ நம்பிக் கிளம்பியிருந்தால், போகிற வழியில் மறுபடி விழுந்திருப்பார்கள். உடனே எதிர் ஹோட்டலில் நான்கு இட்லி வாங்கிச் சாப்பிட வைத்தோம். பதினொன்றரைக்கு 96. "என்னடி இவ்ளோ கூட்டம்?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்த அக்காவின் பெயரைக் கூடக் கேட்கவில்லை. அவருடைய பஸ் வந்துவிட்டது.

அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். அது இரண்டாவது பெரிய தப்பு. சாயங்காலம் நாலரைக்கு அம்மா திண்ணையில் உட்கார்ந்து மறுபடி வியர்த்தார்கள். 64. மறுபடி குளுக்கோஸ், மறுபடி சாப்பாடு. ராத்திரி களியும் கீரைக் குழம்பும் போட்டேன். ராத்திரிக்குத் தாங்கட்டும் என்றுதான். ஆனால் சுகர் இறங்கிய அந்த நேரத்தில் களியைக் கொடுத்து ஏறும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் குளுக்கோஸ், ஏறிய பிறகு களி. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்தேன், 118.

மறுநாள் டாக்டர் நன்றாகத் திட்டினார். "51 வந்தப்பவே பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து என்ன பண்ணிட்டு இருந்தீங்க? நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணும்" என்றார். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை ஒரு நாள் முழுக்கக் கூட வேலை செய்யுமாம். வயசானவர்களுக்கும் கிட்னி கொஞ்சம் மந்தமானவர்களுக்கும் இன்னும் இழுக்குமாம். அதனால் ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதாது, அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியதும் வரலாம் என்றார். வோக்லிபோஸ் விஷயத்தையும் அவரே விளக்கினார். சாதாரணச் சர்க்கரை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்த ஜோடி. குடலில் அது உடைந்தால்தான் ரத்தத்துக்குப் போகும். வோக்லிபோஸின் வேலையே அந்த உடைப்பைத் தாமதப்படுத்துவதுதான். அகார்போஸ் என்ற மாத்திரையும் அப்படியே. வெறும் குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேரே போய்விடும்.

அப்படியானால் வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை? எல்லாம் பெரும்பாலும் அதே ஜோடிதான், நாட்டுச் சாமான் என்பதற்காக மட்டும் வேகமாக ஏறிவிடாது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு மாம்பழம். ஒரு பழத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பழுத்த மாம்பழத்திலும் அந்த ஜோடிதான் அதிகம். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அவசரத்துக்கு அது உதவாது. நல்ல தேன் ஒரு பெரிய ஸ்பூன் பரவாயில்லை, அதில் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது. சாக்லேட்டில் கொழுப்பு, அது யாருக்குமே மெதுவாகத்தான் ஏறும். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டதைக் கொடுத்துப் பிரயோஜனமே இல்லை. வோக்லிபோஸோ அகார்போஸோ போடாதவர்களுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரே போதும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "வீட்டுக்கு வர்ற மாத்திரையையும் சேர்த்துப் போடறாங்களா?" மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். எங்கள் தெருவுக்கும் ஒரு அக்கா மாதாமாதம் மாத்திரை கொண்டு வருகிறார். அம்மா அதை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்கள், நல்லவேளை போடவில்லை. இரண்டு இடத்து மாத்திரையும் ஒரே மருந்தாக இருந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். இப்போது அந்த அக்காவிடம் தனியார் டாக்டர் சீட்டையும் காட்டி, நோட்டில் எழுத வைத்துவிட்டேன். டாக்டர் கிளிமிபிரைடு அளவைப் பாதியாகக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, குளுக்கோஸ் டப்பாவோடு மளிகைக்கடைக்குப் போனது. கடை அண்ணன் எலக்ட்ரானிக் தராசில் 15 கிராம் நிறுத்துக் காட்டினார். எங்கள் வீட்டு ஸ்பூனில் தலைதட்டி நாலு ஸ்பூன் வந்தது. பதற்றத்தில் யார் ஸ்பூன் எண்ணுவது? அவரே காகிதம் கிழித்து, பெருங்காயப் பொட்டலம் மடிக்கிற மாதிரி பத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் சின்ன ஜிப் கவரில் போட்டேன். தலைமாட்டில் இரண்டு, சாமி அலமாரியில் இரண்டு, என் கைப்பையில் இரண்டு, அம்மாவின் சுருக்குப்பையில் இரண்டு. மீதி இரண்டை எதிர்வீட்டுச் சித்தியிடம் கொடுத்து, மாத்திரை அட்டையையும் காட்டிச் சொல்லி வைத்தேன். அட்டையைப் போட்டோ எடுத்து என் போனிலும் தம்பி போனிலும் வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கப் போனோம், வேறு லேப். சீட்டில் சீல், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றையும் முந்தின நாளே பார்த்துக்கொண்டேன். மாத்திரை என் கையில். ஏழே காலுக்கு ரத்தம் எடுத்துவிட்டார்கள், ஏழரைக்கு இட்லியும் மாத்திரையும். வெளியே வந்ததும் அம்மா சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் விரலை விட்டுத் துழாவினார்கள். "இருக்கு கண்ணு, ரெண்டும் இருக்கு" என்றார்கள்.