எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது: என்னிடம் இருந்த பழைய கார்கள்

பழைய காரைப் புதுப்பிக்கும் வேலையில் கடினமானது துருவை அறுத்தெடுப்பதோ எஞ்சினைப் பிரித்து மாட்டுவதோ அல்ல. எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான். நான் வாங்கிய, புதுப்பித்த, பின்னர் விற்றுவிட்ட கார்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கையில், அவற்றின் நிறமோ வேகமோ எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் காரில் எதை மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன் என்பதுதான் வருகிறது.

அவற்றில் முதலில் வந்தது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்தி தொடங்கவிருந்த சமயத்தில் காரின் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்ற, மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த முடிவின் அடையாளம். முன்கூட்டியே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டைச் சேர்த்துத்தான் தொடக்ககாலக் கார்களில் பொருத்தினார்கள். என்னிடம் இருந்தது 1098 சிசி எஞ்சின் கொண்ட பிந்தைய கார். அதன் பானெட்டிலும் அந்தப் பட்டை இருந்தது. ஒருவர் தம் கண்ணை நம்பி எடுத்த முடிவு, உற்பத்தி முடியும்வரை ஒவ்வொரு காரிலும் பதிந்து வந்தது என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வாங்கியபோது அது பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை; தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டியும் அதன்மேல் பெயின்டும் மட்டுமே இருந்தன. மைனருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, எஞ்சினைத் தாங்கும் இரு நீளச் சட்டங்கள், லீஃப் ஸ்பிரிங் மாட்டப்படும் பின்பகுதி எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, கூடே சேஸிஸாகவும் நிற்கிறது. ஆகவே துருப்பிடித்த பகுதிகள் அனைத்தையும் ஒரேயடியாக அறுத்துவிட்டால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து வலுக்கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதிய தகட்டையும் முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டிவிட்டு, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் முழு வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்கின் சூடு தகட்டை இழுக்கும் என்பதால், ஓரிடத்தில் சிறிது தூரம் வைத்தபின் அது ஆறும்வரை வேறிடத்துக்குப் போய்விட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் செய்யப்பட்ட காரை, கதவு சாத்தும் ஓசையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மைனரை வைத்திருந்த எவரிடமும், பெடலை மிதிக்கையில் பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பெருமூச்சாவது வரும். ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, நீளச் சட்டத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகளை உருவ முயன்றால், முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டார்ஷன் பார் வழிமறிக்கிறது. அதைத் தளர்த்தி நகர்த்தினால்தான் போல்ட்டு வெளியே வரும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிட்டால், அடுத்த முறை கழற்றுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மைனர்க்காரர்கள் பலரும் செய்யும் மாற்றம்தான் இது, நானும் செய்தேன். அந்தக் காரில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோரும் பாராட்டிய பெயின்ட் அல்ல, யார் கண்ணிலும் படாத அந்தப் போல்ட்டுகள்தான். எனக்குப் பின் அந்தக் காருக்கு அடியில் படுக்கப்போகும், முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்தது அது.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றில் விட்டுவைத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் ட்ரன்னியன்கள் திருகுமரை கொண்டவை. அவற்றுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் இணைப்பு கழன்று, சக்கரம் உள்ளே மடங்கிவிடும். ஆகவே இரு பக்கமும் புதிதாகவே போட்டேன். பிரேக் குழாய்கள், ஹோஸ்கள், பெட்ரோல் குழாய்கள் எல்லாம் புதியவை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடுகிறது என்பதால், அதைத் தாங்கும் வகையைத் தேடிப் போட்டேன். சிலிண்டர் ஹெட்டிலும் அதே போன்ற ஒரு கட்டாயம் இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், எரிந்த ஈயம் வால்வு அமரும் விளிம்பில் மெல்லிய பூச்சாகப் படிந்து அதைக் காத்தது. அந்தப் பெட்ரோல் கார்களுக்கு உலகம் முழுவதிலும் 2021இல் முற்றிலும் நின்றுபோயிற்று. நின்றது மிக நல்லது, அது மனிதர்களின், குறிப்பாகக் குழந்தைகளின், உடலுக்குள் போன நஞ்சு. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் அந்தப் பூச்சு இல்லாமல் வால்வு தன் இருக்கையைச் சிறிது சிறிதாகத் தேய்த்து உள்ளே இறங்கிவிடும். லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து, கடினமான எஃகு வளையங்களைப் பதித்து வாங்கிய பிறகு அந்தக் கவலை தீர்ந்தது.

இத்தனையையும் மாற்றிய நான், அதன் உள்ளே கைவைக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் ஏறி இறங்கியதால் தேய்ந்த தோல், ஸ்டியரிங்கில் கைபட்டு மங்கிய பகுதி, ஸ்பீடாமீட்டரின் பழுத்த நிறம் ஆகியவை அப்படியே இருந்தன. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். சத்தமில்லாத நவீன பம்பைப் பொருத்தச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அந்தச் சத்தமும் காரின் ஒரு பகுதிதான்.

அதை விற்றபோது, செய்த வேலைகள் அனைத்தையும் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தையும், அறுத்தெடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சேர்த்தே கொடுத்தேன். எந்தத் தகடு புதிது, எது தொழிற்சாலையில் வைத்தது, போல்ட்டுகளை ஏன் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்று எல்லாம் அதில் இருந்தன. புதிய உரிமையாளர் காரைச் சுற்றிப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்தப் புத்தகத்தைப் படித்தார். காரை ஒப்படைக்க எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

அடுத்து வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு நேர் எதிரானது. 1962க்கு முந்தையது, 1192 சிசி, 34 குதிரைத்திறன், 6 வோல்ட் மின்சாரம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மானி அந்தக் காலப் பீட்டிலில் கிடையாது. எஞ்சின் திணறத் தொடங்கியதும் ஓட்டுநர் காலருகே உள்ள நெம்பைத் திருப்பினால், தொட்டியின் அடியில் மீதமிருக்கும் பெட்ரோல் வரும். அந்தக் காரில் பெயின்ட் தொழிற்சாலையில் பூசியது. கூரையிலும் பானெட்டிலும் மங்கி, சில இடங்களில் அடிப்பூச்சு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலும், துரு அதைத் தின்றிருக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது, பெயின்ட் அடித்துவிடுங்கள் என்பதுதான். என் எண்ணம் வேறாக இருந்தது. புதிய பெயின்டை எப்போது வேண்டுமானாலும் பூசலாம்; தொழிற்சாலைப் பூச்சை ஒருமுறை சுரண்டிவிட்டால் அது திரும்பாது. மெதுவாகக் கழுவி, மிக மென்மையான பாலிஷ் கொண்டு துடைத்து, மெழுகு பூசியதோடு நிறுத்திக்கொண்டேன்.

உழைப்பு முழுவதும் எஞ்சினில்தான் போயிற்று. தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் அந்த எஞ்சினில், குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, குளிர்ச்சியும் நின்றுவிடும். ஆகவே பீட்டிலில் சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், வீடுவரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் காற்றின் வழியிலேயே நிற்பதால், அதற்குக் கீழுள்ள மூன்றாம் சிலிண்டருக்கு வந்துசேரும் காற்று குறைவாகவும் சூடாகவும் இருக்கும். பின்னாளில் கூலரை நகர்த்தி வைத்துத் தயாரிப்பாளர்களே இதைச் சரிசெய்தார்கள். என் எஞ்சினைப் பிரித்தபோதும் எரிந்திருந்தது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான். எஞ்சினைச் சுற்றி அடைக்கும் தகடுகளும் ரப்பர் பட்டையும் முக்கியமற்றவை போலத் தெரியும். பலர் அவற்றைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் கீழேயிருந்து வரும் வெந்த காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து முழுமையாக்கிய பிறகு, அந்த எஞ்சின் எந்த வெயிலிலும் சோர்ந்ததில்லை.

பின்னிருக்கைக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடத்தில், சிந்திய அமிலம் தரைத்தகட்டை அரித்திருந்தது. பீட்டிலின் உடல் தரைத்தட்டோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பகுதியைச் சரிசெய்வது மைனரை ஒப்பிட எளிது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயெப்லா ஆலையில் கடைசிக் கார் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை கார்கள் ஓடியதால் உதிரிப்பாகங்களுக்கும் பஞ்சமில்லை. விற்றவற்றுள் நான் இன்னும் ஏங்குவது அந்தக் காருக்காகத்தான். வாங்கியவரிடம் நான் வைத்த ஒரே வேண்டுகோள் பெயின்டைத் தொட வேண்டாம் என்பது. அவர் தொடவில்லை என்று பிறகு தெரிந்தபோது நெஞ்சு நிறைந்தது.

இடையில் ஒரு ஃபியட் 1100 இருந்தது. முன்கதவுகளின் கீல் பின்பக்கம் அமைந்த பழைய மாதிரி அது. அதிகக் காலம் என்னிடம் இல்லை. ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் நெம்பின் இணைப்புகள் தேய்ந்து, கியர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் இருந்ததைச் சரிசெய்து, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களை மாற்றி, ஓட்டத் தகுதியாக்கி, முழுமையாகப் புதுப்பிக்கும் வசதியுள்ள ஒருவரிடம் கொடுத்தேன்.

மெர்சிடிஸ் 240டி முற்றிலும் வேறு வகை. 1976இல் வந்த டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்த அந்த நான்கு சிலிண்டர் டீசல் காரில் நான் புதுப்பிக்க எதுவும் இல்லை. பராமரிக்க மட்டுமே இருந்தது. முன்னிருந்தவர் ஆயிலையும் ஃபில்டரையும் காலந்தவறாமல் மாற்றிக் குறித்து வைத்திருந்தார். அதில் எனக்கு வாய்த்த சுவையான வேலை ஒன்றுண்டு. சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அதை நிறுத்த எரிபொருளை அடைக்க வேண்டும், இந்தக் காரில் அதைச் செய்வது, மெல்லிய குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். அதே வெற்றிடத்தில்தான் கதவுகளின் மையப் பூட்டும் இயங்குகிறது. ஆகவே ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் எஞ்சினை நிறுத்த முடியாமல் போகலாம். இதை எதிர்பார்த்தே, பானெட்டைத் திறந்து கையால் அழுத்தி நிறுத்துவதற்கு ஒரு நெம்பை அமைத்திருக்கிறார்கள். குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துச் சோதித்து வந்து, பின்கதவு ஒன்றின் சவ்வில் கசிவைக் கண்டுபிடித்தேன். மாற்றியது அந்த ஒரு சவ்வுதான். நன்றாகப் பராமரிக்கப்பட்ட காருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மரியாதை, அதை அந்த நிலையிலேயே அடுத்தவரிடம் சேர்ப்பது என்று நினைக்கிறேன், அப்படியே செய்தேன்.

கண்காட்சிகளில், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிடவும் மினுங்கும் கார்களைப் பார்க்கிறேன். அவற்றின் பின்னுள்ள உழைப்பு எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். ஆனால் நல்ல நிலையில் இருந்த அசல் இருக்கைகளையும் கம்பளத்தையும் எறிந்துவிட்டுப் புதியன போட்டதைப் பெருமையாகச் சொல்லக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு ஆனவற்றை வரலாற்று வாகனம் என்கிறது. அதன் டூரின் சாசனமும் காத்துவைத்தலுக்கே முதலிடம் தருகிறது, வேறு வழியில்லாதபோதுதான் கூடுதலாகக் கைவைக்கச் சொல்கிறது. நான் பட்டறையில் கற்றதும் அதுவேதான். துரு தின்ற தகடும், தேய்ந்த பிரேக்கும் போய்த்தான் ஆக வேண்டும். வயதானதாகத் தெரிவது மட்டுமே குறை என்றால், அது குறையல்ல.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு மினி. இதுவும் இசிகோனிஸின் வடிவமைப்புதான், 1959இல் வந்தது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே அமைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயில் போதும்படி செய்து, 10 அங்குலச் சக்கரங்களால் இடத்தை மிச்சம் பிடித்த கார். என் காரின் எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதைப் பிரிக்கப் போவதில்லை. பின்சக்கரங்களைத் தாங்கும் துணைச்சட்டம் மட்டும், பெரும்பாலான மினிகளில் நேர்வது போல, கையால் அழுத்தினாலே உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருக்கிறது. புதிய சட்டம் வந்துவிட்டது. உட்புறக் குழிகளில் மெழுகு தெளித்து உலரவிட்டிருக்கிறேன். அதை ஏற்றுவதற்கு முன், சஸ்பென்ஷனின் ரப்பர் கூம்புகளை எடுத்துப் பார்த்து, அவை தளர்ந்திருக்கின்றனவா, அப்படியே திரும்பப் போடலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.