எங்கள் ஊர் வெயிலுக்கு கிரிண்டல் புழுதான்

பெட்டா மீன் வளர்ப்பவர்கள் தீனிப் புழு என்றாலே கடைக்குத்தான் ஓடுகிறோம். சாச்சிங் சுத்தெரா (டியூபிஃபெக்ஸ் புழு) என்று கேட்டால் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுப்பார்கள், மீனும் விழுந்து விழுந்து தின்னும். ஆனால் அந்தப் புழு வளர்வதே அழுக்குத் தண்ணீர்ச் சேற்றில், எவ்வளவு அலசினாலும் கூட வரும் கிருமி முழுசாகப் போகாது. புழுவை வீட்டிலேயே வளருங்கள், அதுவும் நம் ஊர் வெப்பத்தைத் தாங்கும் புழுவாகப் பார்த்து வளருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஒயிட் வார்ம்தான் முதலில் வரும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி, 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாகப் பெருகும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் செம்பனை நிழலில் நின்றாலே சட்டை நனைகிறது, இங்கே அதற்கென்று ஒரு குளிர்பெட்டி வாங்கி வைப்பது வீண் செலவு. அதே குடும்பத்தில் கிரிண்டல் என்று சின்னப் புழு ஒன்று உண்டு. 5 முதல் 10 மில்லிமீட்டர்தான், வெள்ளை நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். வெயில் படாத மூலையில் தரையோரமாக வைத்தால் நம் வீட்டுச் சூட்டிலேயே பெருகும்.

பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். தேங்காய் நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு விரல் உயரத்துக்குப் போடுங்கள். கையில் இறுக்கினால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மூடியில் ஓட்டை போட்டு உள்பக்கம் துணி ஒட்டிவிட்டால் கொசு, பழ ஈ எதுவும் நுழையாது. வளர்ப்பைத் தொடங்கக் கொஞ்சம் கிரிண்டல் புழுவை, அதாவது விதைப்புழுவை, அதில் விடுங்கள். கொஞ்சம் பூனைத் தீனியைப் பொடி செய்தோ நெஸ்டமோ (குழந்தைகளுக்கான தானியத் தூள்) மேலே தூவி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை வையுங்கள். புழு பெருகிய பிறகு, தீனி போட்ட மறுநாள் காலையில் அந்தத் துண்டைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புழு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருக்கும், தீனி இருந்த இடம் துடைத்த மாதிரி காலியாக இருக்கும். அதை அப்படியே ஒரு கப் தண்ணீரில் அலசி, அடியில் தங்கியதை டிராப்பரால் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது, மண் ஒட்டாது, நாற்றமும் இல்லை.

எறும்புதான் பெரிய தொல்லை. தோட்டத்துப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வையுங்கள். தீனி மிஞ்சிப் பூஞ்சை பிடித்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எறிந்துவிட்டு, ஒரு நாள் பட்டினி போடுங்கள்.

“அண்ணே, குஞ்சுக்கும் இதையே போடலாமா?” என்று பக்கத்துத் தமான் (குடியிருப்பு) பையன் கேட்டான். வேண்டாம், பெட்டா குஞ்சின் வாய்க்கு இது பெரிசு. நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு மைக்ரோ வார்ம் என்ற மிகச் சின்னப் புழுவைப் போடுங்கள். ஆறிய ஓட்ஸ் கஞ்சியில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி அதில் விட்டால் டப்பாவின் சுவரில் ஏறி வரும், விரலால் வழித்து எடுத்துக்கொள்ளலாம். புளித்த வாடை வரும், அதற்கென்ன. ஆனால் அது தொட்டி அடியில் போய்த் தங்கிவிடும். வினிகர் ஈல் என்று வினிகரில் வளரும் நுண்புழு அப்படியில்லை, தண்ணீரில் நீந்திக்கொண்டே சில நாள் உயிரோடு இருக்கும், மேல்மட்டத்தில் நிற்கும் குஞ்சுக்கு எட்டும். என்னைக் கேட்டால் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. குஞ்சு ஒரு புழுவை முறைத்துப் பார்த்து, உடம்பை வளைத்து, சட்டென்று பாய்ந்து கவ்வுவதை ஒருமுறை பார்த்தவர் வெறும் தூளை மட்டும் போட்டு வளர்க்க மாட்டார்.

பெரிய மீனுக்கு கிரிண்டலை வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் கொடுங்கள், கொழுப்பு அதிகம். அப்புறம் ஒரே டப்பாவை நம்பி இருக்காதீர்கள். நன்றாகப் பெருகியதும் பாதியை இன்னொரு டப்பாவுக்கு மாற்றி வேறு அறையில் வையுங்கள், ஒன்றில் எறும்போ சிற்றுண்ணியோ புகுந்தாலும் மற்றது இருக்கும். விதைப்புழு வேண்டுமென்று ஊர்ப் பையன்கள் கேட்டால் ஒரு கரண்டி நார்த்தூளோடு சும்மாவே கொடுத்துவிடுங்கள்.