சாப்பிட்ட கை காய்ந்தால்தான் ஸ்பானிஷ் வரும்

ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினின் சலமான்கா நகருக்குப் போனபோது, நான் தங்கிய வீட்டில் முதல் மூன்று நாளும் சாப்பிட்டு முடித்த கையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தக்கலையில் வளர்ந்தவளுக்கு அதுதான் மரியாதை. சாப்பிட்ட கை காயக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். தட்டைக் கழுவி வைத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். நான்காம் நாள் வீட்டுக்கார அம்மா பள்ளிக்கே போன் போட்டுவிட்டார். “பெண்ணுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லையா, எங்களைப் பிடிக்கவில்லையா?”

வகுப்பு ஆசிரியைதான் விளக்கினார். மதியச் சாப்பாடு அங்கே இரண்டரை மணிக்கு. முடிந்ததும் யாரும் எழுவதில்லை. காபியோ பழமோ வைத்துக்கொண்டு, ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கியபடி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதற்கென்றே ‘சோப்ரேமேசா’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஐந்தாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு லிஃப்ட் பழுதான கதை நாற்பது நிமிடம் ஓடியது. எனக்குப் புரிந்தது நாலைந்து சொல். ஆனால் மறுநாளும் அதே லிஃப்ட் கதை, அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அந்த லிஃப்ட்டைப் பற்றி நானே கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டேன். வாரத்துக்கு 20 மணி நேர வகுப்பு எனக்குக் கற்றுத் தராத இறந்தகாலத்தை அந்த லிஃப்ட் கற்றுத் தந்தது.

போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்குப் போகாதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போக வழி இருக்கிறது. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பது ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதேதான். என்னோடு படித்த இங்கிலாந்துக்காரர் இந்த ‘எனக்கு’ ஏன் வருகிறது என்று இரண்டு வாரம் தவித்தார். ‘மே துவேலே லா கபேஸா’: எனக்குத் தலை வலிக்கிறது. ‘ஆப்லோ’ என்றாலே பேசுகிறேன். ‘நான்’ தனியாக வேண்டியதில்லை, நம் விகுதி போல. மேசை, அலமாரி, சாவி, துவாலை எல்லாம் போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுப்போனவை. ஸ்பானிஷ் அவர்கள் மொழிக்குச் சித்தி மகள் மாதிரி: மேசா, அர்மாரியோ, யாவே, தோஆயா.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி. பல ஊர்களில் மறைந்துபோன ர–ற வித்தியாசம் நம் பேச்சில் இன்னும் இருக்கிறது. கறியையும் கரியையும் ஒன்றாகச் சொன்னால் என் அம்மாச்சி சிரிப்பார். அங்கே ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, நாக்கை உருட்டி ‘பெறோ’ என்றால் நாய். முதல் நாளே எனக்குச் சரியாக வந்தது. கர்வப்படவும் செய்தேன். அந்தக் கர்வம் பழக்கடையில் போனது. குறிப்பேட்டில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அதில் எடைக்கும் (peso) முத்தத்துக்கும் (beso) ஒரே ‘பெசோ’தான். கடைக்காரரிடம் ஆரஞ்சுக்கு எடை கேட்கப்போய் மற்றதைக் கேட்டுவிட்டேன். குறிப்பை அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது இலக்கணம் இல்லை, ‘நீ’. வீட்டுக்கார அம்மாவை ‘உஸ்தேத்’, அதாவது ‘நீங்கள்’ என்றேன். கிழவி ஆக்காதே, ‘தூ’ என்று சொல் என்றார். அறுபது தாண்டியவரை எப்படி நீ என்பது? ஒரு மாதம் ஆளையே குறிப்பிடாமல் வாக்கியம் அமைத்து ஓட்டினேன்.

ஊர் எது என்று கேட்டால் கோட்டாறு சவேரியார் கோவிலைச் சொல்லிப் பாருங்கள். நம் சவேரியார் 1506இல் நவார்ராவில் ஹவியேர் கோட்டையில் பிறந்தவர். எனக்கு அன்றைய சோப்ரேமேசா முழுக்க அதிலேயே போனது. டிசம்பர் 3 எங்களுக்கும் திருநாள் என்றதை அவர்கள் நம்பவே இல்லை.

விசா சமாச்சாரம் சுருக்கமாக: 90 நாளுக்குள் என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா போதும், அதற்கு மேல் என்றால் மாணவர் விசா. குறுகியகால விசாவுக்கு மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கைரேகை கொடுக்க நான் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். பணம் கட்டும் முன் ‘மெதியா பென்சியோன்’ என்றால் என்ன என்று கேளுங்கள். என்னை அனுப்பிய ஏஜென்ட் மூன்று வேளை என்றார். போன பிறகுதான் தெரிந்தது, காலையும் மதியமும் மட்டும். இரவுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிச் சமாளித்தேன். நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோங்கள், ஒரு கிலோ பத்தாது. பால், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம், அனுமதி இல்லை. ஜனவரியில் போனால் நம்மூர் ஸ்வெட்டர் அங்கே துண்டுதான்.

அம்மாவிடம் தினம் ஒரே ஒரு போன். அங்கே மாலை நாலு மணி, இங்கே இரவு எட்டரை. “மக்கா, தனியா பேடி (பயம்) இல்லியா?” என்று தொடங்கி அரை மணி நேரம். முதல் வாரம் ராத்திரி முழுக்க வாட்ஸ்அப்பில் கிடந்தேன். காலையில் வாயில் ஸ்பானிஷ் வரவில்லை.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு: டெலே, சியேலே இரண்டும் ஸ்பானிஷ் மொழித் தேர்வுகள். டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, சியேலேவுக்கு ஐந்து ஆண்டு. டெலேயின் தொடக்கநிலைகளில் இரண்டாவதான ஏ2வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் ஒரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வேண்டும். ஒன்றில் கூடுதலாக வாங்கி மற்றதை ஈடுகட்ட முடியாது. நம் பிள்ளைகள் எழுத்தில் தப்பித்து இரண்டாவதில் மாட்டுவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு டெல்லியில் எழுதினேன். பேச்சுத் தேர்வில் சமீபத்தில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். லிஃப்ட் கதையை எடுத்துவிட்டேன்.