38 கிலோ கல்லும் ஓர் உடைவாளும்

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. இது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் இதே தப்பைப் பத்து வருடம் முன்பும் செய்திருக்கிறேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அரண்மனை எங்கயும் ஓடிப்போவாது மக்கா. நீ தக்கலையில நில்லு, நான் வாறேன்" என்றார்.

மாமா பட்டாளத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் ஆட்டோக்காரரிடம் இன்றும் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்றால் போதும், பெயர் தேவையில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் முதலில் கட்டஞ்சாயா வாங்கித் தந்தார். அப்புறம், "சரி, அரண்மனைய நாளைக்கிப் பாக்கலாம். அதுக்கு முன்ன பாக்க வேண்டியது ஒண்ணு உண்டு" என்று புலியூர்க்குறிச்சிக்கு வண்டியைத் திருப்பினார்.

உதயகிரிக் கோட்டை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. திருவனந்தபுரம் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், இறங்கியதில்லை. ஏறக்குறைய 90 ஏக்கர், நடுவே ஒரு குன்று, சுற்றிலும் கருங்கல் மதில். இப்போது உள்ளே இருப்பது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மரத்தடிகளில் காதலர்கள். ஒரு காலத்தில் இதற்குள் பீரங்கி வார்த்தார்கள் என்று சொன்னால் நம்புவது கடினம்.

மாமா பூங்காவில் எதையும் கவனிக்கவில்லை. கூரை போன ஒரு சிறிய தேவாலயத்துக்கு நேராகக் கூட்டிப்போனார். சுவர்கள் மட்டும் மிச்சம், உள்ளே கல்லறைகள். அதில் ஒன்று டிலனாயுடையது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி குளச்சலில் படையை இறக்கியது. மிளகு வியாபாரம் கைநழுவுகிறது என்ற கவலை அவர்களுக்கு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டிலனாய். அவரைக் கொல்லாமல், விரட்டாமல், 'என் ஆட்களுக்கு உன் வித்தையைக் கற்றுக்கொடு' என்று வைத்துக்கொண்டார் ராஜா. கைதியாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படையின் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனார். இந்த உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். பிற்காலத்தில் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவரும் இவரே.

கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். லத்தீன் வாசகத்தின் சாரம் இது: வழிப்போக்கனே, நில், திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்து 37 ஆண்டுகள் விசுவாசத்தோடு ராஜாவுக்கு ஊழியம் செய்தவன் இங்கே கிடக்கிறான், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளைத் தன் ஆயுத பலத்தால் அவருக்கு அடங்கச் செய்தான், 62 வருடம் 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தான். ஐரோப்பாவில் பிறந்த ஒருவரின் கல்லறையில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது என்னவோ செய்தது. அவரைச் சிறைபிடித்த ஊரின் மொழியையும் அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே மகன் ஜோகன்னஸின் கல்லறை. 1765இல் களக்காட்டுச் சண்டையில் பட்ட காயத்தால் இறந்தபோது வயது 19. களக்காடு மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய திருநெல்வேலி மாவட்டம். மாமா அந்தக் கல்லின் மேல் கிடந்த சருகைக் கையால் தள்ளிவிட்டார்.

"பத்தொம்பது வயசு. நான் டிரெய்னிங்குக்கு வண்டியேறின வயசாக்கும்" என்றார். வெளியே வரும் வரை வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கும் இடம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மண் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனைப் பொறுப்பு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. வழிகாட்டிகள் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிறார்கள். கேட்பவர்களும் அப்படித்தான்.

தேக்கு வேலைப்பாடு, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருந்தரை, ஊட்டுப்புரை, இவற்றையெல்லாம் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். விட்டுவிடுகிறேன். நான் போனது போர்ச் சாமான்களைப் பார்க்க.

வாள்களும் குத்துவாள்களும் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், அவை என்னை அசைக்கவில்லை. வரிசையாக மாட்டிய வாள்கள் எந்த ஊர் மியூசியத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிடித்த கை யாருடையது என்று தெரியாத வாள் வெறும் இரும்பு. ஆள் வடிவத்தில் செய்த ஓர் இரும்புக் கூண்டும் உண்டு, குற்றவாளியை உள்ளே வைத்து மரத்தில் தொங்கவிடுவதற்கு. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். டிலனாய் மார்த்தாண்ட வர்மா முன் சரணடையும் ஓவியமும் இருக்கிறது. மாமா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நேற்று கல்லறையைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் எனக்கும் அந்தப் படம் வேறு மாதிரி தெரிந்தது. நல்லவேளை, திங்கட்கிழமை வந்தேன்.

என்னை நிறுத்திய பொருள் கண்ணாடிக்குள் இல்லை. முற்றத்தில், ஒரு பீடத்தின் மேல், உருண்டையாக ஒரு கல். எடை 38 கிலோ. ராஜாவின் படையில் சேர வருகிறவன் இதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்களில் கல்யாணத்துக்கு நிற்கும் பையனைத் தூக்கச் சொன்னார்களே இளவட்டக்கல், அதற்குப் பட்டாளத்துச் சொந்தம். அது ஒரு தடவை தூக்கினால் பெண் கிடைக்கும், இது 101 தடவை தூக்கினால் சாவதற்கு அனுமதி கிடைக்கும். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 3,838 கிலோ. ஏறக்குறைய நான்கு டன்.

"உங்களால முடியுமா மாமா?"

"அண்ணைக்கி முடிஞ்சிருக்கும். நூத்தியொண்ணு இல்ல, பத்து." கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி. மெட்ராஸ் ரெஜிமென்டின் 9வது பட்டாலியனுக்குத் திருவிதாங்கூர் என்ற அடைமொழி உண்டு. அதன் தொடக்கம் 1704, ராஜாவின் மெய்க்காவல் படையாக, இதே பத்மநாபபுரத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தோடு சேர்ந்து 1954இல் 9 மெட்ராஸ் ஆனது. அதாவது இந்தக் கல்லைத் தூக்கியவர்களின் படை கலையவே இல்லை, பெயர் மாறி இன்றும் எல்லையில் நிற்கிறது. தூக்கியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் வாளைவிட இந்தக் கல்லில் அவர்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், அந்த முதுகுவலியையாவது நம்மால் ஊகிக்க முடிகிறது.

உப்பரிகை மாளிகையில் இருப்பது வேறு வகை வாள், ராஜாவின் உடைவாள். மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கே எழுதிவைத்து, வாளைச் சன்னிதியில் வைத்து, அடியவராகத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்படிதானம் என்பார்கள். இன்றும் நவராத்திரிக்கு முன்னால் உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும் சடங்கு நடக்கிறது. தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் அந்த வாளோடு திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கிறது. நவராத்திரி முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். ஆண்டுதோறும் மாநில எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் போர்வாள் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லா வாளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மத்தியானம் திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்குப் போகும்போது, "இந்தப் பக்கந்தான் தலக்குளம், வேலுத்தம்பி தளவாய் ஊரு" என்றார் மாமா. 1809இல் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து உயிரைவிட்ட திருவிதாங்கூர் திவான். அவர் வாள் கிளிமானூர் அரண்மனையில் 150 வருடம்போல இருந்து, 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கைக்குப் போய், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் கிடந்து, 2010இல்தான் திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்குத் திரும்பியது. பிறந்த ஊருக்கு இன்னும் வரவில்லை.

குளச்சலில் கடலைப் பார்த்தபடி வெற்றித் தூண். ஜூலை 31 அன்று ராணுவத்தினர் வந்து மலர்வளையம் வைப்பார்கள். நாங்கள் போன நேரத்தில் யாருமில்லை. கொஞ்சம் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, "தூணு பாக்கவா வந்திய? கத தெரியுமா?" என்றார். தெரியும் என்று சொல்ல மாமா வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

ராஜாவிடம் போதிய பீரங்கி இல்லையாம். கடற்கரைக்காரர்கள் எல்லாரும் துடுப்பைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து வரிசையாக நின்றார்களாம். கப்பலில் இருந்து பார்த்த டச்சுக்காரன் அத்தனையும் துப்பாக்கி என்று மிரண்டுவிட்டானாம். எந்த ஆவணத்திலும் இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கரையில் எல்லார் வாயிலும் இருக்கிற கதை.

"அந்தத் துடுப்புல ஒண்ணாவது யாராவது எடுத்து வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தார். "துடுப்பா? இப்ப எல்லா வள்ளத்துலயும் எஞ்சினாக்கும் பிள்ளே. நாளைக்கி டச்சுக்காரன் திரும்ப வந்தா, துடுப்புக்கு நான் எங்க போவேன்?"