முகூர்த்தம் பார்க்கும் முன் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள்

பெண் வீட்டில் ஆடி ஆகாது. பையன் வீட்டில் தவக்காலம் ஆகாது. இந்து-கிறிஸ்தவக் காதல் கல்யாணத்தில் இந்த இரண்டு காலண்டரையும் எப்படியோ சமாளித்துவிடலாம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத் தனியாக ஒரு காலண்டர் இருக்கிறது, அதனிடம் சமாதானம் பேச முடியாது. இந்த வழியில் போய் வந்தவர்களாகச் சொல்கிறோம்: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கல்யாணம் செய்யப்போவதாக அலுவலகத்தில் தரும் நோட்டீஸின் தேதியை முடிவு செய்யுங்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி தேவாலயத்தில் கல்யாணம் செல்லும்; கத்தோலிக்கர் என்றால் ஆயரின் அனுமதியும் வேண்டும். சுயமரியாதைத் திருமணம் இதற்கு உதவாது, அதற்கான இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். யாரும் மதம் மாற வேண்டாம், எந்த வீட்டுச் சடங்குக்கும் சட்டத்தில் முதலிடம் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் 1954 சட்டம்.

இருவரில் ஒருவராவது 30 நாள் தொடர்ந்து குடியிருந்த பகுதியின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது சார்பதிவாளர் அலுவலகம். அலுவலகப் போர்டில் நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து 30 நாள் ஆட்சேபணைக் காலம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து. ஜூன் 5 கொடுத்தால் ஜூலை 5 வாக்கில் வழி திறக்கும். ஆனியில் பத்துப் பன்னிரண்டு நாள், பிறகு ஆடி, ஆவணி பிறந்து செப்டம்பர் 5-க்குள் மூன்று வாரத்துக்கும் குறைவு. இதற்குள் முகூர்த்தமும் மண்டபமும் சேர்ந்து அமைவது அபூர்வம். அதனால் பலர் ஆடியிலேயே ஒரு புதன்கிழமை கையெழுத்தை முடித்துவிட்டு, தாலியும் மோதிரமும் ஆவணியில் என்று வைத்துக்கொள்கிறார்கள். பாட்டி கேட்டால் "ஆபீஸ் வேலை பாட்டி" என்றால் போதும். சட்டப்படி கல்யாணம் அன்றே முடிந்துவிட்டது என்பதை அவரிடம் விளக்க வேண்டியதில்லை.

பெரிய கண்டம் போர்டுதான். சென்னையில் வாடகைக்கு இருந்து, நிரந்தர முகவரி நாகர்கோவில் என்றால், நோட்டீஸின் நகல் அந்த ஊருக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பத்திரம் பதிய யார் யார் வருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா படித்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவதற்குள் நீங்களே அப்பாவிடம் சொல்லிவிடுவது நல்லது. அவர் கோபத்தில் பாதி, ஊர் முதலில் தெரிந்துகொண்டது என்பதற்காகத்தான் வரும்.

ஆட்சேபணை வந்தாலும் பதறாதீர்கள். ஏற்கெனவே கல்யாணமாகித் துணை உயிரோடு இருப்பது, சம்மதம் தர முடியாத மனநிலை, வயது (ஆண் 21, பெண் 18), விலக்கப்பட்ட உறவு ஆகியவைதான் செல்லும் காரணங்கள். ஜாதகம், சாதி, "பெற்றோருக்கு இஷ்டமில்லை" எதுவும் எடுபடாது. ஆனால் விசாரணைக்கு அலுவலருக்கு 30 நாள் வரை உண்டு. அந்த நாட்கள் உங்கள் முகூர்த்தத்தைத் தின்னும்.

காகிதத்தில் அதிகம் சிக்குவது பெயர். வீட்டில் ஞானஸ்நானப் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக. நோட்டீஸுக்கு முன்பே ஒரே எழுத்துக்கூட்டலுக்கு வந்துவிடுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம்தான் வழி, அதற்கு நாள் பிடிக்கும்.

கையெழுத்து அன்றைக்குச் சாட்சி மூன்று பேர், அசல் அடையாள அட்டையோடு. இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவர் என்பது பார்க்க அழகுதான், காலையில் மாமா முறுக்கிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும். நண்பர் ஒருவரை உதிரியாக நிறுத்தி வையுங்கள். அலுவலர் முன், உங்களுக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் சட்டப்படி துணையாக ஏற்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மைக் இல்லை, நாதஸ்வரமும் இல்லை.

சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். விசா அலுவலகம் அப்படித்தான் படிக்கும். இன்னொன்று: கூட்டுக் குடும்பத்து இந்து, வேற்று மதத்தவரை இச்சட்டப்படி மணந்தால் அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார், 19-ஆம் பிரிவு. இதனால் பங்கு போய்விட்டது என்று பொருளில்லை. பூர்வீகச் சொத்து இருக்கும் வீடானால் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.